மதிப்பீட்டையும் மதிப்பிட வேண்டும்

மலசலகூடம், குடிநீர், பிள்ளை மடுவம் என்று தோட்டங்களுக்குப் பல வேலைத்திட்டங்கள் வருகின்றன. திட்டம் முடிந்ததும், அதனால் பலன் கிடைத்ததா என்று பார்க்க ஆட்கள் வருவார்கள். இதுதான் மதிப்பீடு. அவர்கள் எழுதும் அறிக்கையைப் பார்த்துத்தான் அடுத்த உதவியைப் பல நேரம் தீர்மானிப்பார்கள். அப்படியென்றால், மதிப்பீடு ஒழுங்காக நடந்ததா என்று பார்ப்பது எப்படி?

அதற்கும் நியமங்கள் உண்டு. அமெரிக்காவில் ஒரு கூட்டுக்குழு, கல்வித் திட்டங்களை மதிப்பிடுவதற்காக 1981இல் 30 நியமங்களை வெளியிட்டது. 1994இலும் 2011இலும் அவை திருத்தப்பட்டன. இன்று அவை ஐந்து பிரிவுகளாக உள்ளன. நம் நாட்டில் இலங்கை மதிப்பீட்டுச் சங்கம் 1999இல் தொடங்கப்பட்டது.

ஒரு தோட்டத்தில் 20 மலசலகூடங்கள் கட்டியதாக வைத்துக்கொண்டு, அந்த ஐந்தையும் பார்ப்போம்.

1. பயன்: அறிக்கை கொழும்பில் அலுமாரிக்குள்ளே கிடந்தால் லயத்துக்கு என்ன பிரயோசனம்? முடிவைத் தோட்ட மக்களுக்கும் தமிழில் சொல்ல வேண்டும்.

2. நடைமுறை: கொழுந்து எடுக்கிற நேரம், பால் வெட்டுற நேரம் கூட்டம் வச்சா யார் வருவாங்க? பேர் போகாத நேரமாகப் பார்த்து வர வேண்டும்.

3. நெறி: துரையும் கங்காணியும் பக்கத்தில் நின்றால் பெண்கள் மனம் விட்டுப் பேசமாட்டாங்க. சம்மதம் கேட்டு, தனியாகப் பேசி, சொன்னவர் பெயரை வெளிவிடாமல் இருக்க வேண்டும்.

4. சரித்தன்மை: 20 கட்டியாச்சு என்று எண்ணினால் மட்டும் போதாது. எத்தனை பாவனையில் இருக்கிறது? ரோட்டோரத்து லயத்தை மட்டும் பார்க்காமல் மேல் டிவிசனுக்கும் ஏற வேண்டும். இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் மே, ஜூன் மழையில் எந்தப் பீலியிலும் தண்ணீர் ஓடும். ஜனவரி, பெப்ரவரி வெயிலில் என்ன நிலைமை என்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

5. பொறுப்புக்கூறல்: எத்தனை வீட்டுக்குப் போனார்கள், யாரிடம் கேட்டார்கள் என்பதை எழுதி வைக்க வேண்டும். வேறொருவர் அதைச் சரிபார்க்க முடிய வேண்டும். இந்தப் பிரிவு 2011இல் சேர்ந்தது.

திட்டத்தை நடத்துகிறவர்கள் நலன்புரி உத்தியோகத்தர்களாகிய நாங்கள். அதனால், உங்களிடம் விசாரிக்கும்போது நாங்களும் ஒதுங்கி நிற்பதுதான் முறை.

வருகிறவர்களுக்காக நல்ல வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. தண்ணி வரலன்னா வரலன்னே சொல்லுங்க. எல்லாம் சரி என்று அறிக்கை போய்விட்டால், வர வேண்டிய குழாய் வராமலே போய்விடும்.