ஏரித் தண்ணீரின் சேமிப்பு

பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணை ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவருவது பங்காரு வாய்க்கால். மழையும் ஏரியை நிரப்புகிறது. மழைத்துளி காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு வருவதால் கொஞ்சம் அமிலமாகவே இருக்கும், அதன் பி.எச். சுமார் 5.6. ஆனால் அந்த மழை சேரும் ஏரித் தண்ணீர் அமிலமாகிவிடுவதில்லை. ஏன்?

நீரிலுள்ள ஹைட்ரஜன் அயனிகளின் அளவைச் சொல்லும் எண்தான் பி.எச். இதை 1909-இல் வகுத்தவர் டென்மார்க்கின் சோரன்சன். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். எண் ஒன்று இறங்கினால் ஹைட்ரஜன் அயனிகள் பத்து மடங்கு கூடிவிட்டன என்று பொருள்.

மழைநீர் மண்ணில் ஊறி ஓடும்போது அங்குள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து, பைகார்பனேட்டைச் சேர்த்துக்கொள்கிறது. அமிலம் வந்தால் பைகார்பனேட் ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொண்டு கார்பானிக் அமிலமாக மாறும். காரம் வந்தால் கார்பானிக் அமிலம் ஹைட்ரஜன் அயனியைக் கொடுத்துச் சரிக்கட்டும். இப்படி ஒரு ஜோடி காவல் இருக்கும் நீரே தாங்கல் கரைசல்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? இந்த ஜோடி சம அளவில் இருந்தால் பி.எச். 6.35. பைகார்பனேட் பத்து மடங்கு இருந்தால் ஒன்று கூடி 7.35. ஒரு லிட்டரில் பைகார்பனேட் 2 மில்லிமோல், கார்பானிக் அமிலம் 0.2 மில்லிமோல் என்று வைத்துக்கொள்வோம். அதில் 0.1 மில்லிமோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் அளவுகள் 1.9, 0.3 என்று மாறும். பி.எச். 7.15-க்குத்தான் இறங்கும். அதே அமிலத்தை ஒரு லிட்டர் தூய நீரில் விட்டால் 7-லிருந்து நேரே 4!

வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு கண்ணாடி டம்ளர்களில் நேராகப் பிடித்த மழைநீர் எடுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை ஆப்பசோடா கரையுங்கள். இரண்டிலும் செம்பருத்திச் சாறு விட்டு, மூன்று சொட்டு எலுமிச்சைச் சாறு சேருங்கள். வெறும் மழைநீர் உடனே இளஞ்சிவப்பாகும். சோடா கலந்த நீரின் நிறம் அவ்வளவு சுலபமாக மாறாது. சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருங்கள். பைகார்பனேட் தீர்ந்ததும் அதுவும் சிவந்துவிடும்.

கவனிக்க வேண்டியது இதைத்தான். பைகார்பனேட் குறைந்துகொண்டே வரும்போதும் பி.எச். அதிகம் அசையாது, தீர்ந்த பிறகு சட்டென்று சரியும். அதனால்தான் மீன் குளங்களில் பி.எச்.-ஐ மட்டுமல்லாமல் காரத்தன்மையையும், அதாவது அமிலத்தைத் தாங்கும் பைகார்பனேட் எவ்வளவு இருக்கிறது என்பதையும் அளந்து, குறைந்தால் சுண்ணாம்பு இடுகிறார்கள். உங்கள் ஊர் ஏரி நீரைப் பள்ளியில் சோதிக்கும்போது, பி.எச். பார்த்ததோடு நிறுத்தாமல் காரத்தன்மையையும் பார்க்கலாமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.