பாடத் தெரியுமா, தம்பி?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையத்துக்குப் பிரயாணம் செய்கிறவர்கள், வடபத்ரசாயி சந்நிதியின் 11 நிலைக் கோபுரம் கண்ணுக்கு மறையும் வரையில் ஒரு தடவையேனும் திரும்பிப் பாராமல் போவதில்லை. அந்தக் கோபுரத்தின் நிழலிலே ஒரு நாடகம் வெகு காலமாக நடந்து வருகிறது. அதற்குத் திரை கிடையாது, டிக்கெட்டு கிடையாது, நடிகரைப் பரீட்சை செய்து பொறுக்குவதும் கிடையாது. அரையர் சேவையைத்தான் சொல்லுகிறோம். கூம்பு வடிவமான குல்லாயும் கைத்தாளமுமாகப் பெருமாள் முன்னிலையில் நின்று, பாசுரத்தைப் பாடி அபிநயம் பிடிக்கும் உரிமை அரையர் குடும்பத்துக்கே உரியது. தகப்பனார் சொல்லிக் கொடுக்கிறார். பிள்ளை கற்றுக் கொள்ளுகிறான். பிறப்பே அங்கு அநுமதிச் சீட்டு.

ஆனால் இதே சீமையில் வேறொரு மேடையும் இருந்தது. அதில் ஏறுவதற்குக் குலமும் கோத்திரமும் தேவைப்படவில்லை. ஹார்மோனியத்துக்கு எதிரே நிறுத்தப்பட்ட ஏழெட்டு வயதுப் பையனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கப்பட்டது: "பாடத் தெரியுமா, தம்பி?" பாலர் நாடக சபை என்று பெரியவர்களும், பாய்ஸ் கம்பெனி என்று ஜனங்களும் சொன்ன அந்த ஸ்தாபனங்கள் இன்று இல்லை. அவற்றின் வாசலில் நடந்த பரீட்சையைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

இந்தப் பக்கத்து மண்ணுக்கும் நாடகத்துக்கும் உள்ள உறவு சாமானியமானதன்று. கிழக்கே சிவகாசியில் 1886-ல் பிறந்தவர் எஸ். எஸ். விசுவநாததாஸ். தெற்கே தென்காசியைத் தாண்டினால் கிட்டப்பாவின் செங்கோட்டை. விருதுநகரில் 1926-ல் பிறந்தவர் வி. கே. ராமசாமி. இராஜபாளையத்திலேயோ, சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாயிருந்த பூ. ச. குமாரசாமி ராஜா தம்முடைய வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். முதல் மந்திரிகள் வீடு கட்டிக் கொண்ட கதைகளையே கேட்டுப் பழகிய நமக்கு இது சற்று விநோதமாகக்கூடத் தோன்றலாம்.

பையன்களை மட்டும் வைத்து நாடகம் நடத்தும் யோசனை ஏன் பிறந்தது? பெரியவர்களால் பிறந்தது என்றே சொல்ல வேண்டும். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஓரூரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். பபூன் எங்கிருந்து வருவார் என்பது திரை தூக்கும் வரையில் நிச்சயமில்லை. ஒத்திகை என்பதே கிடையாது. மேடையிலேயே ஒருவரை ஒருவர் மடக்கி, வாதம் வளர்ந்து, கதை தெருவில் நின்றுவிடும். எழுதிக் கொடுத்ததைப் பாடம் பண்ணிப் பேசுகிற நடிகர்கள் வேண்டுமென்றால் சிறுவர்களைத்தான் தேட வேண்டும் என்ற முடிவுக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் வந்தார். 1918-ல் மதுரையில் அவரை ஆசிரியராகக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றிற்று. டி. கே. எஸ். சகோதரர்கள் அதில் சேர்ந்தபோது ஷண்முகத்துக்கு வயது 6. அந்தக் குழந்தைக்காகவே சுவாமிகள் ஒரே இரவில் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் அறிந்த செய்தி.

பரீட்சையில் முதலில் பார்த்தது சாரீரத்தை. ஒலிபெருக்கி இல்லாத காலம். தகரக் கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் பாட்டு எட்ட வேண்டும். ஆகையால் ஹார்மோனியக்காரர் கட்டையை ஏற்றிக் கொண்டே போவார். பையனின் குரல் எந்த இடத்தில் பிசிறடிக்கிறது என்று வாத்தியார் காது கொடுத்துக் கேட்பார். அடுத்தது ஞாபகசக்தி. அப்புறம் முகவெட்டு. சபையில் பெண்கள் கிடையாதாகையால், சீதையும் வள்ளியும் சந்திரமதியும் இந்தப் பையன்களிலிருந்தே கிடைக்க வேண்டும். எழுதப்படாத நான்காவது பரீட்சை ஒன்றும் உண்டு: இவன் இரவில் அம்மாவை நினைத்து அழுது ஊருக்கு ஓடிப் போவானா, மாட்டானா?

இந்த நான்காவது பரீட்சைக்குத் திருச்சியில் ஒரு சிறுவன் நல்ல விடை வைத்திருந்தான். கட்டபொம்மன் கூத்தைக் கண்டு நாடகப் பித்துக் கொண்ட அவன், யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் போய்ப் பாடிக் காட்டி, தாய் தகப்பனார் இல்லாத அநாதை என்று பொய்யும் சொல்லி இடம் பிடித்துக் கொண்டான். முதலில் கிடைத்தது சீதை வேஷம். பிற்காலத்தில் சிவாஜி கணேசன் என்று உலகம் அறிந்தது அவனைத்தான். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம். ஜி. சக்கரபாணியும் எம். ஜி. ராமச்சந்திரனும் சேர்ந்ததற்குக் காரணம் கலைத் தாகம் என்று எழுதினால் அழகாயிருக்கும். உண்மைக் காரணம், தகப்பனார் காலமான வீட்டில் அடுப்பெரியாததுதான். நவாப் ராஜமாணிக்கத்தின் சபையில் எம். என். நம்பியாருக்கு ஆரம்பத்தில் கிடைத்தது சாப்பாடும் இடமும் போக 3 ரூபாய். அதில் 1 ரூபாயை வைத்துக் கொண்டு மிச்சத்தைத் தாயாருக்கு அனுப்பி வந்தார்.

சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் ஸ்தாபித்த சுகுண விலாச சபையிலும் நடிகர்கள் சேர்ந்தார்கள். ஆனால் அவர்கள் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும். வேஷம் கிடைக்காவிட்டால் மனம் வருந்துவார்களே ஒழிய, வயிறு வருந்தாது. பாய்ஸ் கம்பெனி வாசலில் நின்ற பையனுக்கோ இரண்டும் ஒன்றாயிருந்தன.

உள்ளே போனபின் அது குருகுலமா, சிறைச்சாலையா? இரண்டுமாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். விடியுமுன் எழுந்து பாட்டுப் பாடம், பகலில் வசனப் பாடம், இரவு விடிய விடிய நாடகம், தப்பினால் பிரம்பு. பெற்றோர் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துவிட்டுப் போனால், தீபாவளியும் பொங்கலும் கம்பெனி வீட்டில்தான். ஆனாலும் எழுத்தறிவில்லாத குடிசையிலிருந்து வந்த எத்தனையோ பிள்ளைகள் திருத்தமான தமிழைப் பேசக் கற்றது அங்கேதான். தேசபக்தியையும் சிலர் அங்கேயே கற்றார்கள். வெ. சாமிநாத சர்மாவின் 'பாணபுரத்து வீரன்' தடை செய்யப்பட்டபோது, டி. கே. எஸ். சகோதரர்கள் அதையே 'தேசபக்தி' என்று பெயர் மாற்றி 1931-ல் மேடையேற்றினார்கள்.

இவ்வளவு ஜாக்கிரதையாகப் பொறுக்கி எடுத்த சாரீரம் எத்தனை நாள் நின்றது? இங்கேதான் அந்தப் பரீட்சையின் கொடுமை இருக்கிறது. பதின்மூன்று, பதினாலு வயதில் ஒரு நாள் காலை பையன் வாயைத் திறக்கிறான். நேற்றுவரை கணீரென்று வந்த குரல் தகர டப்பாவாகிவிடுகிறது. மகரக்கட்டு என்று இதற்குப் பெயர். எந்தக் குரலுக்காகச் சேர்த்துக் கொண்டார்களோ, அந்தக் குரலே போய்விட்டது! வாத்தியார் என்ன செய்வார்? ராஜபார்ட் போட்டவன் சேவகனாக ஈட்டியைப் பிடித்துக் கொண்டு நிற்பான். அல்லது மூட்டையைக் கட்டுவான். ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியின் நட்சத்திரமான பி. யு. சின்னப்பாவுக்கும் இந்தக் கதிதான். அவர் ஊரான புதுக்கோட்டைக்குத் திரும்பிச் சிலம்பமும் தேகப்பயிற்சியும் பழகி, சங்கீதத்தை மறுபடியும் கற்று, 1940-ல் 'உத்தம புத்திரன்' படத்தில் இரட்டை வேஷத்தில் தோன்றினார். கிட்டப்பாவின் குரலை மட்டும் இயற்கை கடைசிவரை உச்ச ஸ்தாயியிலேயே விட்டு வைத்தது. ஆனால் ஆயுளைக் குறைத்துவிட்டது. 1933-ல் அவர் மறைந்தபோது வயது 27.

குரல் நின்றவர்களுக்கும் வேறு பரீட்சைகள் காத்திருந்தன. விசுவநாததாஸ் முருகன் வேஷத்தில் நின்று வெள்ளைக்காரனைக் கொக்கென்று பாடிச் சிறை சென்ற தீரர். அவர் மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதற்காக, அவருக்கு வள்ளியாக நடிக்க மறுத்த நடிகைகள் இருந்தார்கள். ஹார்மோனியம் கேளாத கேள்வியை ஜாதி கேட்டது. 1940 டிசம்பர் 31-ஆம் தேதி இரவு, சென்னை மேடையில், முருகன் வேஷத்திலேயே அவர் உயிர் பிரிந்தது.

மகரக்கட்டுக்குப் பின் திரும்பி வந்தவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். மூட்டையைக் கட்டியவர்களின் பெயர்களை எந்த நோட்டீஸும் அச்சிடவில்லை. பள்ளிக்கூடத்துப் படிப்பும் இல்லை, கைத்தொழிலும் இல்லை, தெரிந்ததெல்லாம் நூறு பாட்டும் பாதி ராமாயணமும். அவர்களில் சிலர் ஸ்பெஷல் நாடகத்தில் கட்டியக்காரராகவும், ஹார்மோனியக்காரராகவும், திருவிழாவில் வள்ளி திருமணத்துக்குப் பின்பாட்டுக்காரராகவும் காலம் தள்ளினார்கள்.

விருதுநகர் ராமசாமியும் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் வளர்ந்த பையன்தான். அவருடைய குரலை இனிமையானது என்று யாரும் குற்றம் சாட்டமுடியாது. அந்தக் கரகரப்பே அவருக்குக் கிழவர் வேஷத்தைத் தேடிக் கொடுத்தது. 'தியாக உள்ளம்' என்ற நாடகத்தை ஏவி. எம். ஸ்தாபனத்தார் 'நாம் இருவர்' என்று படமாக்கி 1947-ல் வெளியிட்டபோது, மேடையில் கிழவராக நடித்த அவரையே படத்துக்கும் எடுத்துக் கொண்டார்கள். கொட்டகையில் அந்தக் கிழவரைக் கண்டு சிரித்தவர்களுக்கு, அவருக்கு வயது இருபதோ இருபத்தொன்றோதான் என்பது தெரியாது.