ஆறு கால் உலகம் – 17: உண்ணாத தாயும் நானூறு முட்டைகளும்

பூச்சியின் குடலைச் சென்ற வாரம் பார்த்தோம். தின்றது செரித்தாயிற்று. செரித்தது எங்கே போய்ச் சேர்கிறது, அங்கே அதை வைத்து என்ன நடக்கிறது என்பது இந்த வாரக் கேள்வி. இதற்கு விடை சொல்லப் பட்டுப்பூச்சியைவிடப் பொருத்தமான உயிர் கிடைப்பது அரிது.

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். முட்டையை விட்டு வெளிவரும் புழு 3 மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். நான்கு முறை தோலுரித்து, ஏறத்தாழ 25 நாளில் அது தன் பிறப்பு எடையைப் போல் 10,000 மடங்காகிவிடும். ஆயுளில் அது தின்னும் மல்பெரி இலையில் 80 விழுக்காட்டுக்கு மேல் கடைசிப் பருவமான ஐந்தாம் பருவத்தில், ஏழெட்டு நாளில், தின்று தீர்ப்பதுதான். அதற்குப் பிறகு தீனி கிடையாது. இரண்டு மூன்று நாள் கூடு கட்டுகிறது. உள்ளே கூட்டுப்புழுவாகி, பத்துப் பன்னிரண்டு நாளில் அந்துப்பூச்சியாக வெளியே வருகிறது. இணைசேர்ந்த பெண் 400 முதல் 500 முட்டை வரை இட்டுவிட்டுச் சில நாளில் மடிகிறது. அந்துப்பூச்சியால் இலையைக் கடிக்கவும் முடியாது, தேனை உறிஞ்சவும் முடியாது.

அப்படியானால் சிறகு எதைக்கொண்டு முளைத்தது? கண் எதைக்கொண்டு உருவானது? அத்தனை முட்டைக்கும் மஞ்சள்கரு எங்கிருந்து வந்தது?

ஐந்தாம் பருவப் புழு ஒன்றை மெழுகுத் தட்டில் குப்புறக் கிடத்தி, இரு முனையிலும் ஊசி குத்தி, உப்புநீர் விட்டு, முதுகின் நடுவே நுனிக் கத்தரியால் மெல்லத் திறந்து பாருங்கள். நடுவில் இலை அடைத்த பச்சைக் குடல், தலையிலிருந்து வால்வரை ஓடுகிறது. அதன் இருபுறமும் கண்ணாடிபோல் மினுங்கும் பட்டுச் சுரப்பிகள் வளைந்து நெளிந்து கிடக்கின்றன. இந்த இரண்டுக்கும் இடையில், எந்த ஒழுங்கும் இல்லாததுபோல், வெண்ணிறத்தில் மெல்லிய நாடாக்களும் தாள்களும் நீரில் மிதந்து அசையும். முதன்முறை பார்க்கும் மாணவர்கள் மற்ற உறுப்புகள் தெரியவேண்டும் என்று அவற்றைத்தான் முதலில் பிய்த்து ஒதுக்குவார்கள். அந்த வெண்தாள்கள்தான் பூச்சியின் கொழுப்புத் திசு.

பூச்சிக்கு நம்மைப் போல ரத்தக் குழாய்களின் வலை கிடையாது. உடற்குழியில் ரத்தம் தேங்கி நிற்க, உறுப்புகள் அதில் மூழ்கிக் கிடக்கின்றன. கொழுப்புத் திசு இப்படித் தாள்தாளாகப் பிரிந்து கிடப்பதன் காரணம் இதுதான். ஒவ்வொரு செல்லும் ரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. வேண்டியதை நொடியில் எடுக்கவும் கொடுக்கவும் முடிகிறது.

பெயரைப் பார்த்து இது வெறும் சேமிப்புக் கிடங்கு என்று நினைத்துவிடக் கூடாது. சேமிப்பு இருக்கிறது: கொழுப்பு, கிளைக்கோஜன், புரதம் மூன்றும் இங்கே சேர்கின்றன. காய்ந்த கூட்டுப்புழுவின் எடையில் கால்பங்குக்கு மேல் எண்ணெய்தான். ஆனால், நம் உடலில் கல்லீரல் பார்க்கும் வேலைகளில் பெரும்பங்கையும் இதே திசு பார்க்கிறது. நம் ரத்தத்தில் ஓடும் சர்க்கரை குளுக்கோஸ் என்றால், பெரும்பாலான பூச்சிகளின் ரத்தத்தில் ஓடுவது இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த டிரெஹலோஸ். அதைத் தயாரித்து ரத்தத்தில் விடுவது கொழுப்புத் திசு. புரதம் சிதைவதால் மிஞ்சும் நைட்ரஜன் கழிவை யூரிக் அமிலமாக மாற்றுவதிலும் இதற்கே முதல் பங்கு. பட்டுப்புழுவின் வெள்ளை நிறமே அதனால் வந்ததுதான். யூரிக் அமிலம் தோலுக்குப் போய் நுண்மணிகளாகப் படிவதால் தோல் வெளுத்துத் தெரிகிறது. அந்த மணிகள் தோலில் படியாத மரபுவகைப் புழுக்களும் உண்டு. எண்ணெய்த் தாள்போல் அவற்றின் தோல் ஊடுருவித் தெரியும்.

கூட்டுக்குள் நடப்பது இன்னும் வியப்பானது. புழு தீனியை நிறுத்தியதும், தாள்தாளாக இருந்த கொழுப்புத் திசு தனித்தனி செல்களாகப் பிரிந்து ரத்தத்தில் பரவுகிறது. புழுப் பருவத்தில் ரத்தத்துக்கு அனுப்பிய சேமிப்புப் புரதங்களைத் திரும்ப உள்ளிழுத்து, மணிகளாகக் கட்டி வைத்துக்கொள்கிறது. பின் அவற்றை உடைத்துப் புதிய உறுப்புகளுக்குக் கொடுக்கிறது. பெண் பூச்சியில் இதே செல்கள் வைட்டெல்லோஜெனின் என்ற புரதத்தைத் தயாரித்து ரத்தத்தில் விடுகின்றன. சூலகம் அதை எடுத்து மஞ்சள்கருவாக அடைத்துக்கொள்கிறது. கூட்டைவிட்டு வரும்போதே பெண்ணின் வயிறு முட்டைகளால் புடைத்திருக்கக் காரணம் இதுதான்.

பூச்சியின் வளர்ச்சி வேகத்தைத் தீர்மானிப்பதிலும் கொழுப்புத் திசுவுக்குக் குரல் உண்டு. பிரான்ஸின் நீஸ் நகரில் பியர் லெயோபோல்ட் குழுவினர் 2003-இல் வெளியிட்ட பழ ஈ ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அமினோ அமிலத்தைச் செல்லுக்குள் கொண்டுவரும் ஒரு வாயில்புரதத்தை, மற்ற உறுப்புகளைத் தொடாமல், கொழுப்புத் திசுவில் மட்டும் குறைத்தார்கள். தீனி வழக்கம்போலக் கிடைத்தும் புழுவின் முழு உடலுமே வளர்ச்சி குன்றியது. ‘நமக்குப் போதிய ஊட்டம் இல்லை’ என்று கொழுப்புத் திசு சொல்ல, உடல் முழுவதும் அதை நம்பியிருக்கிறது.

போர்க்காலத்திலும் இதுதான் முன்னிற்கிறது. சுவீடனில் ஹான்ஸ் போமன் குழுவினர், செக்ரோபியா என்ற பெரிய காட்டு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுக்களுக்குள் உயிருள்ள பாக்டீரியாக்களைச் செலுத்தினார்கள். பின்பு அவற்றின் ரத்தத்தை எடுத்தால், அது பாக்டீரியாவைக் கொல்லும் திறன் பெற்றிருந்தது. அந்தக் கொல்பொருளைப் பிரித்தெடுத்து, செக்ரோபின் என்று பெயரிட்டு, 1981-இல் அதன் அமைப்பை அறிவித்தார்கள். அதைத் தயாரிக்கும் முதன்மைக் கூடம் கொழுப்புத் திசு.

1996-இல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் புருனோ லெமெத்ர், ஜூல் ஹோஃப்மன் குழுவினர், டோல் என்ற மரபணு பழுதான பழ ஈக்களில் பூஞ்சையைத் தொற்றவைத்தார்கள். பூஞ்சையைக் கொல்லும் புரதத்தைத் தயாரிக்கும்படி கொழுப்புத் திசுவுக்கு வரவேண்டிய கட்டளை வரவில்லை. ஈக்கள் இறந்தன. இறந்த ஈயின் உடலில் பூஞ்சை இழைகள் அடர்ந்து முளைத்திருக்கும் நுண்ணோக்கிப் படம் உலகப் புகழ் பெற்றது. டோலுக்கு உறவான ஏற்பிகள் மனித உடலிலும் இருப்பது அடுத்துத் தெரியவந்தது. நம் நோய் எதிர்ப்பைப் பற்றிய அறிவே அதனால் புதிதாக எழுதப்பட்டது. 2011-இல் ஹோஃப்மனுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த அறிவுக்குக் கால்கோள் இட்டதில் ஓர் ஈயின் கொழுப்புக்கும் இடம் உண்டு.

இவ்வளவு அதிகாரம் ஓரிடத்தில் இருந்தால் எதிரியும் அங்கேதானே குறிவைப்பான்? பட்டுப்புழுவைத் தாக்கும் கிராஸரி வைரஸ் கொழுப்புச் செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து பெருகி, செல்லை வெடிக்கச் செய்கிறது. சிதைந்த செல்கள் கலந்து ரத்தம் வெளுத்துப்போகும். புழுவின் கணுக்கள் வீங்கி, தோல் கிழிந்து பால் கசிவதைக் கண்டால், விவசாயிக்கு அந்தத் தட்டின் கதை முடிந்தது என்று தெரியும். தேனீக்களை அழிக்கும் வர்ரோவா உண்ணி தேனீயின் ரத்தத்தைக் குடிக்கிறது என்றுதான் பல பத்தாண்டுகள் நம்பினார்கள். அமெரிக்காவில் சாமுவேல் ராம்சே குழுவினர் தேனீயின் ரத்தத்துக்கு ஒரு சாயமும் கொழுப்புக்கு வேறொரு சாயமும் ஏற்றிவிட்டு, அவற்றின் மேல் உண்ணிகளை விட்டார்கள். உண்ணியின் குடலில் மேலோங்கித் தெரிந்தது கொழுப்பின் சாயம். 2019-இல் வந்த அந்த முடிவு, உண்ணி தாக்கிய தேனீக்கள் ஏன் நோயையும் குளிரையும் தாங்காமல் போகின்றன என்பதற்கு விளக்கம் தந்தது. குளிர்நாடுகளில் மாதக்கணக்கில் பனிக்காலத்தைத் தாண்டும் தேனீக்கள், உடலில் கொழுப்புத் திசு நிறைந்த தேனீக்கள்தான்.

பூச்சிக்குச் சேமிப்பும் கட்டுமானமும் காவலும் ஒரே திசுவின் பொறுப்பு. அதில் ஒன்றில் அடி விழுந்தால் மற்றவையும் தள்ளாடும். ஐந்தாம் பருவத்தில் இலைக்குப் பஞ்சம் வந்தால் கூடு இலேசாகும். முட்டைக்காக ஒதுக்கும் விதைக்கூட்டில் முட்டையும் குறையும். நோயும் எளிதில் பற்றும். ஒரு பூச்சியைக் காக்க நினைப்பவரும் சரி, கட்டுப்படுத்த நினைப்பவரும் சரி, அது இளமையில் எதைத் தின்கிறது, எவ்வளவு தின்கிறது என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். அதன் பிற்கால வாழ்க்கை முழுவதற்கும் அங்கேதான் முதல் போடப்படுகிறது.

இத்தனை கொழுப்பை எரிக்க ஆக்சிஜன் வேண்டும். நுரையீரலே இல்லாத பூச்சி மூச்சு விடுவது எப்படி என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)