ஆயுளைக் கூட்டும் மஜ்ஜை

கொல்கத்தா அரசு மருத்துவமனைகளில், தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோய்க்கான பிரிவுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஊசி பழகிப்போயிருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சிலருக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ரத்தம் ஏற்றிக்கொண்டு, அடுத்த தேதியைக் குறித்துக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். ஏற்றிய ரத்தம் உடம்பில் இருக்கும்வரை ஓடியாடுவார்கள். அது குறையக் குறைய முகம் வெளிறும், படியேறினால் மூச்சு வாங்கும். உயிர் காக்கும் அந்த ரத்தத்தாலேயே வேறொரு ஆபத்தும் வருகிறது. ஒரு பை ரத்தத்தில் 200 மில்லிகிராமுக்குக் குறையாமல் இரும்பு இருக்கும். மிகுதியான இரும்பை வெளியேற்ற மனித உடம்பில் தனி வழி கிடையாது. இதயத்தில், கல்லீரலில், வளர்ச்சிக்கான சுரப்பிகளில் அது படிந்துகொண்டே போகும். இரும்பை அகற்றும் மருந்தை ஒழுங்காக எடுக்காத பிள்ளைக்கு வாலிப வயதிலேயே இதயம் தளர்ந்துவிடும்.

ஸ்டெம் செல் எனும் மூல அணு மனித ஆயுளை நீட்டுமா என்று கேட்பவர்களை முதலில் இங்கேதான் அழைத்துவரத் தோன்றுகிறது. நூறைத் தாண்டி வாழலாம், எழுபதில் இருபதின் உடம்பு கிடைக்கும் என்றெல்லாம் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியரின் சராசரி ஆயுள் 70.8 வயது, அதில் நோயின்றி வாழும் காலம் 60.3 ஆண்டுகள்தான். மீதி பத்தாண்டுகளும் மாத்திரையோடும் வலியோடும் கழிகின்றன. அந்தப் பத்தாண்டுகளைச் சுருக்க ஸ்டெம் செல் உதவுமா என்பது நியாயமான கேள்வி. ஆனால் ஸ்டெம் செல்லால் நலமான ஆயுள் கூடியிருக்கிறது என்று ஆதாரத்தோடு காட்ட இன்றைக்கு நம்மிடம் உள்ள உறுதியான சான்று எலும்பு மஜ்ஜைதான். அங்கே பெரும் பலன் பெற்றவர்களில் இந்தப் பிள்ளைகளும் உண்டு.

வங்காளத்தில் தலசீமியாவுக்கு ஒரு தனி முகம் இருக்கிறது. தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து பீட்டா தலசீமியா மரபணுவும் மற்றவரிடமிருந்து ஹீமோகுளோபின் ஈ என்ற மாறுபட்ட மரபணுவும் சேர்ந்தால் வரும் வகை அங்கே அதிகம். சித்தரஞ்சன் அவென்யூவில் உள்ள கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் 1950-களிலேயே இதை ஆராய்ந்தவர் ஜோதிபூஷண் சட்டர்ஜி. 1966-ல் மருத்துவ அறிவியலுக்கான பட்நாகர் விருது பெற்றவர். நோய் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது. அதை வேரோடு மாற்றும் வழி அப்போது இல்லை. ரத்தம் உற்பத்தியாகும் இடத்தையே மாற்றினால் ஒழிய இந்த நோய் தீராது.

அந்த இடம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை. நம் உடம்பில் ஒவ்வொரு விநாடியும் 20 லட்சத்துக்கு மேல் சிவப்பணுக்கள் புதிதாகப் பிறக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் சுமார் 120 நாள். இத்தனையையும் உண்டாக்கும் மூல அணுக்களோ மிகச் சில. விளைச்சலில் பெரும்பகுதியைச் சாப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டு, விதை நெல்லை மட்டும் தொடாமல் கோட்டை கட்டி வைப்பார்கள் அல்லவா, ரத்த ஸ்டெம் செல்களும் அப்படித்தான் பெரும்பாலான நேரம் சும்மா இருக்கின்றன. எப்போதாவது ஒன்று பிரியும். பிரியும்போது ஒரு பங்கு ரத்த அணுவாகும் பாதையில் போகும், இன்னொரு பங்கு மறுபடி ஸ்டெம் செல்லாகவே தங்கும். இப்படியொரு அணு உண்டென்பதை எலிகளில் செய்த சோதனையால் 1961-ல் காட்டியவர்கள் டொரோன்டோவைச் சேர்ந்த டில், மெக்கல்லக் இருவரும்.

மஜ்ஜை மாற்று சிகிச்சையை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தவர்கள் அதன் எளிமையைக் கண்டு திகைப்பார்கள். கத்தி இல்லை, தையல் இல்லை. முதல் ஒரு வாரம் கடுமையான மருந்துகள் கொடுத்துப் பிள்ளையின் பழைய மஜ்ஜையை அழிக்கிறார்கள். பிறகு, பொருத்தமான அண்ணனோ தங்கையோ கொடுத்த ஸ்டெம் செல்களை ஒரு பையில் தொங்கவிட்டுச் சாதாரண ரத்தம் போலவே நரம்பில் ஏற்றுகிறார்கள். அந்த அணுக்களுக்கு யாரும் வழி காட்ட வேண்டியதில்லை. ரத்த ஓட்டத்தில் சுற்றி, எலும்புக்குள் இருந்து வரும் ரசாயன அழைப்பை உணர்ந்து, தாமாகவே மஜ்ஜையில் போய்த் தங்கிவிடுகின்றன. கடினமான நாட்கள் அதற்குப் பின்னால்தான். வெள்ளையணு எண்ணிக்கை பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்கும், வாயெல்லாம் புண்ணாகும், ஒரு சின்னக் கிருமி போதும், உயிருக்கே ஆபத்து. தினமும் காலையில் வரும் ரத்தப் பரிசோதனைச் சீட்டுக்காகப் பெற்றோர் காத்திருப்பார்கள். இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டி மூன்று நாள் தொடர்ந்து நின்றால், புது மஜ்ஜை பிடித்துவிட்டது என்று டாக்டர் சொல்வார். அதன் பிறகு அந்தப் பிள்ளையின் ரத்த வகைகூடக் கொடுத்தவரின் வகையாக மாறிவிடும்.

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. வேலூர் காந்தி ரோட்டில் நடந்தால் லாட்ஜ் பலகைகளும் மீன்சாப்பாட்டு மெஸ் பலகைகளும் வங்காள எழுத்தில் இருப்பதைப் பார்க்கலாம். ஹவுராவில் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கும் குடும்பங்கள் பல தலைமுறையாக வந்துகொண்டிருப்பதன் அடையாளம் அது. அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் 1986-ல் மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கியபோது முன்னின்றவர் டாக்டர் மம்மன் சாண்டி. பிறகு அவரே கொல்கத்தாவுக்குப் போனார். ராஜர்ஹாட் நியூ டவுனில் 2011-ல் திறக்கப்பட்ட டாடா மெடிக்கல் சென்டரின் இயக்குநராக இருந்து, வேலூரில் வளர்ந்த கைத்திறனை வங்காளத்தின் வாசலிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தார்.

வேலூரில் வளர்ந்தது என்று சும்மா சொல்லவில்லை. இத்தாலியிலும் அமெரிக்காவிலும் வகுத்த முறைகள், நன்றாகப் பராமரிக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பொருந்தின. நம் பிள்ளைகளோ தாமதமாக, கல்லீரல் வீங்கி, இரும்பு ஏறிய உடம்போடு வந்தார்கள். பழைய மருந்து முறையில், ஆபத்து மிகுந்த இந்தப் பிரிவினரில் மூன்றாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் ஏறத்தாழ 39 சதவீதம்தான். ட்ரியோசல்ஃபான் என்ற மருந்தை அடிப்படையாக்கி, ஸ்டெம் செல்லை எடுக்கும் முறையையும் மாற்றியதில் அந்த எண்ணிக்கை சுமார் 87 சதவீதமாக உயர்ந்ததென்று 2013-ல் வேலூர் மருத்துவர்கள் எழுதினார்கள். அந்த எண்ணிக்கை ஏறியிருக்கிறதே, அதுதான் என்னைப் பொறுத்தவரை ஆயுள் நீட்டிப்பு. ஒருவருக்கு ஐந்தாண்டு, பத்தாண்டு கூடியதல்ல. ஒரு முழு வாழ்க்கையே கிடைத்திருக்கிறது.

இதற்கான செலவு சாதாரணக் குடும்பத்தால் தாங்கக்கூடியதல்ல. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட கோல் இந்தியா நிறுவனம், மத்திய சுகாதார அமைச்சகத்துடன் சேர்ந்து 2017-ல் தொடங்கிய தலசீமியா பால் சேவா திட்டம் ஒரு பிள்ளைக்கு 10 லட்சம் ரூபாய் வரை தருகிறது. வேலூரும் கொல்கத்தாவும் அதில் உள்ளன. இது இன்னும் பல பெற்றோருக்குத் தெரியாமலிருப்பது வருத்தமாக இருக்கிறது.

இனி முதுமைக்கு வருவோம். ஸ்டெம் செல்கள் தேய்வதே முதுமையின் முக்கிய அடையாளங்களில் ஒன்று என்று 2013-ல் ஸ்பெயினின் லோபஸ்-ஓட்டின் குழு பட்டியலிட்டது. தேய்கிறது என்றால் என்ன? எலி சாதாரணமாக இரண்டு மூன்று ஆண்டு வாழும். அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் டேவிட் ஹாரிசன் ஒரு எலியின் மஜ்ஜையை அடுத்த எலிக்கு, அதிலிருந்து அதற்கடுத்த எலிக்கு என்று மாற்றிக்கொண்டே போனார். 73 மாதம் அந்த மஜ்ஜை ஒழுங்காகச் சிவப்பணு தயாரித்தது என்று 1973-ல் எழுதினார். உடம்பின் ஆயுளைவிட மஜ்ஜையின் ஆயுள் நீளம்.

ஆனாலும் வயதாக ஆக ஒன்று நடக்கிறது. 65 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு 20,000 முதல் 2 லட்சம் ஸ்டெம் செல்கள் சேர்ந்து ரத்தம் தயாரிக்கின்றன. 75-ஐத் தாண்டியவர்களில் வெறும் 12 முதல் 18 ஸ்டெம் செல்களின் வாரிசுக் கிளைகளே ஏறத்தாழ பாதியளவு ரத்தத்தைத் தயாரிப்பதை 2022-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். சில மரபணு மாற்றங்களால் வேகம் பெற்ற அணுக்கள் மற்றவற்றை ஓரங்கட்டிவிடுகின்றன. அவற்றிலிருந்து பிறக்கும் வெள்ளையணுக்கள் ரத்தக்குழாய்களில் அழற்சியைத் தூண்டி மாரடைப்பு ஆபத்தைக் கூட்டுவதும் தெரியவந்திருக்கிறது. 115 வயதில் 2005-ல் காலமான டச்சுப் பெண்மணி ஹென்ரிக்யே வான் ஆண்டல்-ஷிப்பர் தன் உடம்பை ஆராய்ச்சிக்குக் கொடுத்திருந்தார். அவருடைய வெள்ளையணுக்களில் பெரும்பகுதி இரண்டே இரண்டு ஸ்டெம் செல்களிலிருந்து வந்திருந்தது. அத்தனை வயதுவரை அவரை நலமாக வைத்திருந்த மஜ்ஜை அநேகமாகத் தீர்ந்துபோயிருந்தது.

தீர்ந்ததை மறுபடி நிரப்ப முடியுமா? கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ஷின்யா யமனாகா 2006-ல் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, எலியின் தோலணுவைக் கருவணுவின் நிலைக்குத் திருப்பினார். மறு ஆண்டு மனித அணுவிலும் செய்துகாட்டினார். 2012-ல் நோபல் பரிசு பெற்றார். அந்த நான்கையும் உயிருள்ள எலிக்குள் தொடர்ந்து இயக்கியபோது உடம்பெங்கும் கட்டிகள் வந்தன. விட்டுவிட்டு இயக்கியபோது, வேகமாக முதுமை அடையும் நோயுள்ள எலிகள் சற்று அதிக நாள் வாழ்ந்தன என்று 2016-ல் ஒரு ஆய்வு சொன்னது. மனிதரில் அப்படி ஆயுள் நீண்டதாகச் சான்று இல்லை. தனித்தனி உறுப்புகளில் நம்பிக்கை தரும் செய்திகள் உண்டு. ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த இன்சுலின் சுரப்பு அணுக்களைப் பெற்ற 12 முதல்வகை நீரிழிவு நோயாளிகளில் 10 பேர் ஓராண்டு கழித்து இன்சுலின் ஊசியே போடாமல் இருப்பதாக 2025-ல் வெளியானது. நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தை மட்டும் அவர்கள் தொடர்ந்து எடுக்க வேண்டும். வேலூரில் ஐந்து ஹீமோஃபீலியா நோயாளிகளின் சொந்த ஸ்டெம் செல்லிலேயே சரியான மரபணுவைச் சேர்த்துத் திருப்பி ஏற்றினார்கள். அணுக்கள் பிடித்த பிறகு ஒருவருக்கும் ரத்தக்கசிவு வரவில்லை என்று 2024 டிசம்பரில் எழுதினார்கள்.

கொல்கத்தாவைப் பேசிவிட்டு, கரு ஆராய்ச்சியின் முன்னோடியான டாக்டர் சுபாஷ் முகர்ஜியைப் பேசாமல் விட முடியாது. 1978 அக்டோபர் 3-ல், உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்து 70 நாட்களில், அவருடைய முயற்சியால் துர்கா என்று அழைக்கப்பட்ட பெண் குழந்தை பிறந்தது. எட்டு அணு நிலையிலிருந்த கருவை 53 நாள் உறையவைத்துப் பிறகு கருப்பையில் சேர்த்திருந்தார். மாநில அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. கியோட்டோ பல்கலைக்கழகம் அழைத்தும் போக அனுமதி தரவில்லை. கண் மருத்துவ நிறுவனத்துக்கு இடமாற்றினார்கள். 1981 ஜூன் 19-ல் உயிரை மாய்த்துக்கொண்டார். அதே கருவுறையவைக்கும் முறைகளும் செயற்கைக் கருத்தரிப்பும் வளர்ந்த பாதையில்தான், 1998-ல் ஜேம்ஸ் தாம்சன் முதல் மனிதக் கரு ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்தார்.

இன்று ஸ்டெம் செல் ஊசி விற்பவர்கள், புதுமையை உலகம் எப்போதும் எதிர்க்கத்தான் செய்யும் என்று சொல்லித் தப்பப் பார்க்கிறார்கள். முகர்ஜியின் வாழ்க்கை அவர்களுக்குத் துணை நிற்காது. அவர் கையால் எழுதிய குறிப்புகள் இருந்தன. இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தைக்குக் காரணமானவர் என்று அதுவரை கருதப்பட்ட டி.சி. ஆனந்த் குமாரே 1997-ல் அந்தக் குறிப்புகளைப் படித்து, அந்தப் பெருமை முகர்ஜிக்கே உரியது என்று எழுதினார். பிறர் எடுத்துப் பார்க்கக்கூடிய குறிப்பு, எண்ணிக்கை, தொடர் கண்காணிப்பு ஆகிய மூன்றில் ஒன்றையும் இளமை ஊசி விற்பவர்கள் காட்டுவதில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று தவிர மற்ற எல்லாம் ஆராய்ச்சியே. ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. முழங்கால், ஆட்டிசம், முகச்சுருக்கம், முதுமை என்று எதன் பெயரைச் சொல்லி லட்சக்கணக்கில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பிரசவத்தின்போது தொப்புள்கொடி ரத்தத்தைத் தனியாரிடம் சேமிக்கச் சொல்வதையும் யோசித்துப் பாருங்கள். அதை அந்தக் குழந்தையே பயன்படுத்தும் வாய்ப்பு 0.04 சதவீதத்துக்கு மேல் இல்லை என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018-ல் சொல்லியிருக்கிறது. தலசீமியா உள்ள பிள்ளையின் தொப்புள்கொடி ரத்தத்தில் அதே தலசீமியா மரபணுதானே இருக்கும்?

அதிகப் பணமில்லாமல் செய்யக்கூடியவை வேறு இருக்கின்றன. இந்தியரில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் தலசீமியா மரபணுவைத் தெரியாமலே சுமக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்போ, கர்ப்பத்தின் தொடக்கத்திலோ ஹீமோகுளோபின் ஏ2 அளவைக் காட்டும் ஒரு ரத்தப் பரிசோதனை போதும். கூடப்பிறந்தவர் பொருந்தும் வாய்ப்பு நாலில் ஒன்றுதான். மீதிப் பிள்ளைகள் யாரோ ஒரு அந்நியரை நம்பியிருக்கிறார்கள். சென்னையில் 2009-ல் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவேடுகளில் சேர, கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் ஒரு தடவு தடவிக் கொடுத்தால் போதும். உங்களுக்கு 18 வயது ஆகிவிட்டதென்றால் பெயரைப் பதிந்துவையுங்கள். அழைப்பு வந்தால் பின்வாங்காதீர்கள்.