கோணல் வீச்சும் கோப்பை வெல்லும்

வானொலியில் விளையாட்டு அங்கம் படைக்கும் என்னிடம் நேயர்கள் கேட்பதுண்டு: "கோல்ஃபில் வெல்வது பிறவித் திறமையா, கற்ற நுட்பமா?"

இருவரைப் பாருங்கள். டைகர் வூட்ஸ் 1997-இல், 21 வயதில், மாஸ்டர்ஸ் போட்டியில் அடுத்தவரைவிட 12 அடிகள் குறைவாக அடித்து வென்றார். அவரே தம் வீச்சில் குறை கண்டு, பயிற்றுநர் புட்ச் ஹார்மனுடன் அதைத் திருத்தி அமைத்தார். 1998-இல் வெற்றிகள் குறைந்தன. 2000-இல் அமெரிக்கப் பொதுப் போட்டியை 15 அடி வித்தியாசத்தில் வென்றார்.

ஜிம் ஃபியூரிக் வேறு ரகம். மட்டையை உயரே தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி இறக்குவார். பாடப் புத்தகத்தில் இல்லாத வீச்சு! பயிற்றுநரான தந்தை அதை மாற்றவில்லை. 2003-இல் அமெரிக்கப் பொதுப் போட்டி மகன் வசம். 2016-இல் ஒரு சுற்றை 58 அடிகளில் முடித்தார். பிஜிஏ தொடரில் அதற்குமுன் எவரும் அதைச் செய்ததில்லை.

மட்டை பந்தைத் தொடும் கணத்தில் இருவரும் ஒன்றுதான். மட்டையின் முகம் ஒவ்வொரு முறையும் சரியான திசையில் இருக்கும். நுட்பம் என்பது அதுதான். பார்வைக்கு அழகு அல்ல.

பெற்றோரே, பிள்ளையின் வீச்சு கோணலா? பத்துப் பந்து அடிக்கச் சொல்லுங்கள். எல்லாம் நினைத்த இடத்தில் விழுந்தால் விட்டுவிடுங்கள். சிதறினால் மட்டும் பயிற்றுநரைத் தேடுங்கள்.