225 ரூபாய் லித்தியம் செல்: எந்தப் பொருளுக்கு லாபம், எதுக்கு தண்டச் செலவு?

ரிமோட்ல செல் தீர்ந்துபோச்சா? பத்து நிமிஷ டெலிவரி ஆப்பைத் திறந்து, முதலில் கண்ணில் படும் பேக்கை கார்ட்டில் போட்டுவிடுகிறோம். அந்த லிஸ்ட்டில் 20 ரூபாய் செல்லும் இருக்கும், 225 ரூபாய் லித்தியம் செல்லும் இருக்கும். சைஸ் ஒன்றுதான். அப்புறம் ஏன் பத்து மடங்குக்கு மேல் விலை? அந்த விலைக்கு அது உழைக்குமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லித்தியம் நல்ல செல்தான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் தினமும் ஓடும் பொருட்களில் அது உங்க பணத்தைத் திருப்பித் தராது. வருஷக் கணக்கில் சும்மா கிடந்து, ஒரு நாள் கட்டாயம் வேலை செய்தே ஆகவேண்டிய பொருளில்தான் அதற்கு மதிப்பு. அதனால் அதை முதலீடாகப் பார்க்காதீங்க, இன்சூரன்ஸ் பிரீமியமாகப் பாருங்க.

இங்கே நான் போடும் விலைகள் கணக்குக்காக எடுத்த ரவுண்டு தொகைகள். உங்க கடை விலையைப் போட்டுப் பாருங்க, கணக்குப் போடும் முறை மாறாது.

செல்லின் மேல் இருக்கும் கோடைப் படிங்க

பென்சில் செல் என்று நாம் சொல்லும் டபுள் ஏ சைஸில் முக்கியமாக நாலு ரகம். பிராண்ட் எதுவானாலும் பொடி எழுத்தில் ஒரு கோட் இருக்கும்.

• ஆர்6: ஜிங்க் கார்பன். பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண செல். சுமார் 1000 எம்ஏஹெச். 20 ரூபாய்.
• எல்ஆர்6: அல்கலைன். மெதுவாகச் செலவழித்தால் சுமார் 2500 எம்ஏஹெச். 45 ரூபாய்.
• எஃப்ஆர்6: லித்தியம். 3000 எம்ஏஹெச்சுக்கு மேல். ரீசார்ஜ் பண்ண முடியாது. 225 ரூபாய்.
• ஹெச்ஆர்6: ரீசார்ஜ் பண்ணும் நிக்கல் செல். சுமார் 2000 எம்ஏஹெச். நாலு செல்லும் சார்ஜரும் சேர்த்து 1,600 ரூபாய்.

ரிமோட்டில் போடும் சின்ன செல்லில் 6-க்கு பதில் 03 என்று இருக்கும். எம்ஏஹெச் என்பது தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது மாதிரி. நமக்கு வேண்டியது தொட்டியின் விலை இல்லை, ஒரு வருஷத் தண்ணீரின் விலை.

கணக்கு 1: சுவர்க் கடிகாரம்

ஒரு கடிகாரம் வருஷத்துக்கு 1000 எம்ஏஹெச் எடுக்கிறது என்று வச்சுக்கோங்க. சாதாரண செல் ஒரு வருஷம் ஓடும்: வருஷச் செலவு 20 ரூபாய். அல்கலைன் இரண்டரை வருஷம் ஓடும்: வருஷத்துக்கு 18 ரூபாய். லித்தியம் மூணு வருஷம் ஓடினால் வருஷத்துக்கு 75 ரூபாய்.

அதே நேரத்தைக் காட்ட நாலு மடங்கு செலவு! கடிகாரம், டிவி ரிமோட், ஏசி ரிமோட், மவுஸ் எல்லாமே கொஞ்சமாகக் கரண்ட் எடுக்கும் பொருட்கள். இவற்றுக்கு லித்தியம் தேவையே இல்லை.

கணக்கு 2: குழந்தையின் பொம்மை கார்

இங்கேதான் லித்தியம் தன் திறமையைக் காட்டும். மோட்டார், கேமரா ஃப்ளாஷ் மாதிரி ஒரு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும் பொருளில் போட்டால், அல்கலைன் தன் 2500-ல் பாதிகூடத் தராமல் படுத்துவிடும். லித்தியம் கிட்டத்தட்ட முழுசாகத் தரும். அதாவது மூணு மடங்கு உழைப்பு. சரி, ஆனால் விலை அஞ்சு மடங்கு ஆச்சே!

ரீசார்ஜ் செல்லை உள்ளே கொண்டுவந்தால் போட்டியே முடிந்துவிடும். மூணு வாரத்துக்கு ஒரு தடவை ரெண்டு அல்கலைன் செல் மாற்றினால் ஒரு தடவைக்கு 90 ரூபாய், வருஷத்துக்கு சுமார் 1,500. ரீசார்ஜ் செட்டின் 1,600 ரூபாய் ஒரு வருஷத்தில் திரும்பி வந்துவிடும். அதுக்கப்புறம் செலவு கரண்டுக்கு மட்டும்தான். ரெண்டு செல்லை நூறு தடவை சார்ஜ் பண்ணினாலும் ஒரு யூனிட்டைச் சுற்றித்தான் வரும்.

ஆக, கொஞ்சமாக எடுக்கும் பொருளில் அல்கலைன் ஜெயிக்கிறது. நிறைய எடுக்கும் பொருளில் ரீசார்ஜ் ஜெயிக்கிறது. அப்போ லித்தியத்துக்கு இடம் எங்கே?

லித்தியம் ஜெயிக்கும் இடம்

ஊரில் அப்பா அம்மாவுக்கு பிபி மெஷின் வாங்கிக் கொடுத்திருப்பீங்க. மாசத்துக்கு ஒரு தடவை எடுப்பாங்க, மத்த நாள் அலமாரியில் தூங்கும். ஒரு நாள் அம்மாவுக்குத் தலை சுற்றும்போது எடுத்துப் பார்த்தால், செல் போடும் இடத்தில் வெள்ளையாகப் பூத்து, ஸ்பிரிங் அரித்துப் போயிருக்கும். அல்கலைன் செல்லுக்குள் இருக்கும் காரம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கசிந்ததன் விளைவு அது. சாதாரண செல்லும் கசியும். பழசும் புதுசும் கலந்து போட்டாலோ, தீர்ந்த செல்லை அப்படியே விட்டாலோ கசிவு இன்னும் சீக்கிரம். வாரன்டி கார்டின் பொடி எழுத்தைப் படிங்க. பேட்டரி கசிவால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்ற வரியைப் பல கார்டுகளில் பார்க்கலாம்.

லித்தியம் செல் கசிவது மிக அரிது. அலமாரியில் 20 வருஷம் தாங்கும் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். நாலு செல்லுக்கு அல்கலைனைவிட 720 ரூபாய் கூடுதல். அந்த 720-ஐக் கொடுத்து 2,000 ரூபாய் மெஷினையும், அவசரத்தில் அது வேலை செய்யும் என்ற நிம்மதியையும் வாங்குகிறீர்கள். மெஷின் மேனுவல் லித்தியத்தை அனுமதித்தால் இது நியாயமான பிரீமியம். ஆனால் அப்பா தினமும் பிபி பார்க்கிறார் என்றால் வேண்டாம். கசியும் முன்பே செல் தீர்ந்து மாற்றிவிடுவீர்கள், அல்கலைனே போதும்.

அடுத்தது எமர்ஜென்சி டார்ச். 2016 வர்தா புயலையும் 2023 மிக்ஜாம் புயலையும் சென்னையில் பார்த்தவர்களுக்கு நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் இருப்பது என்னவென்று தெரியும். ரெண்டு செல் டார்ச்சில் லித்தியம் போட்டு, அவசரத்துக்கு மட்டும் எடுத்தால், 450 ரூபாய். 15 வருஷம் என்று குறைத்தே கணக்குப் போட்டாலும் வருஷத்துக்கு 30. கசிவுக்குப் பயந்து ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அல்கலைன் மாற்றினால் வருஷத்துக்கு 45. இங்கே விலை கூடிய செல்தான் மலிவு!

மைனஸ் 40 டிகிரி குளிரிலும் வேலை செய்யும் என்பது லித்தியத்தின் இன்னொரு பெருமை. லடாக் டிரிப் போகிறவருக்கு அது உதவும். வேளச்சேரியில் அதுக்கு நாம் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பிரீமியமே கட்டாத வழியும் ஒன்று உண்டு. அவசரத்துக்குத் தேவைப்படாத பொருளாக இருந்தால், செல்லைக் கழற்றி ஒரு சின்ன கவரில் போட்டுப் பக்கத்திலேயே வையுங்க. செலவு பூஜ்யம்.

ஸ்மார்ட் லாக்கில் வேண்டாம்

புது அபார்ட்மென்ட்டில் டிஜிட்டல் லாக் போட்டவங்க இதைக் கவனமாகப் படிங்க. "நல்ல செல்லா போடுவோமே" என்று லித்தியம் போடத் தோன்றும். ஆனால் பல லாக்குகளின் மேனுவல் அல்கலைன் மட்டும்தான் போடச் சொல்கிறது.

காரணம் எளிது. அல்கலைன் செல்லின் வோல்டேஜ் படிப்படியாக இறங்கும். லாக் அதை அளந்து, "செல் குறையுது" என்று முன்கூட்டியே பீப் அடிக்கும். லித்தியம் கடைசிவரை கிட்டத்தட்ட 1.5 வோல்ட்டிலேயே நின்று திடீரென விழும். எச்சரிக்கை வர நேரமே இருக்காது. ராத்திரி பதினோரு மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்து வாசலில் நிற்கும்போதுதான் தெரியும். எல்லா அளவிலும் நல்ல செல், இந்த ஒரு வேலைக்கு மட்டும் தப்பான செல். மெக்கானிக்கல் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடமோ ஆபீஸ் டிராயரிலோ வைப்பது தனி இன்சூரன்ஸ்.

பெயரில் ஏமாறாதீங்க

ஆன்லைனில் "1.5 வோல்ட் லித்தியம், யுஎஸ்பி சார்ஜிங்" என்று வரும் செல் வேறு. அது லித்தியம்-அயன் ரீசார்ஜ் செல். அதில் 3000 என்று பெரிசாக எழுதியிருந்தால், பக்கத்தில் இருக்கும் யூனிட்டைப் பாருங்க. பெரும்பாலும் எம்டபிள்யூஹெச்தான் இருக்கும். அதை 1.5-ஆல் வகுத்தால் 2000 எம்ஏஹெச்தான் வரும். அதே டபுள் ஏ சைஸில் 3.7 வோல்ட் செல்லும் விற்கிறார்கள். தெரியாமல் போட்டால் பொருளே போய்விடும்.

காயின் செல்: இங்கே கணக்கைவிட கவனம் முக்கியம்

கார் சாவி, எடை மெஷின், கம்ப்யூட்டர் மதர்போர்டு எல்லாவற்றிலும் இருக்கும் சிஆர்2032-ம் தூக்கிப்போடும் லித்தியம்தான். 20 என்பது மில்லிமீட்டரில் விட்டம், 32 என்றால் 3.2 மில்லிமீட்டர் தடிமன். 3 வோல்ட், சுமார் 220 எம்ஏஹெச். எல்ஐஆர்2032 என்ற ரீசார்ஜ் செல்லை இதுக்கு மாற்றாக வாங்காதீங்க. வோல்டேஜ் அதிகம், கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்குதான்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் ஒன்றை மறக்கவே கூடாது. இந்த செல் தொண்டையில் சிக்கினால் ரெண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். தீர்ந்துபோன செல்லுக்கும் அந்த சக்தி உண்டு. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. பழைய செல்லின் ரெண்டு பக்கமும் டேப் ஒட்டித் தனியாக வையுங்க. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய செல்லை மத்தக் குப்பையோடு சேர்க்கக் கூடாது, அது நம்ம பொறுப்பு.

இந்த வார இறுதியில் அரை மணி நேரம்

வீட்டில் செல் போடும் பொருட்களை ஒரு பேப்பரில் எழுதுங்க. ஒவ்வொன்றுக்கும் ரெண்டு கேள்வி: இது எவ்வளவு அடிக்கடி ஓடுகிறது? நின்றுபோனால் எனக்கு என்ன நஷ்டம்?

அடிக்கடி ஓடும், நிறைய இழுக்கும்: ரீசார்ஜ். கொஞ்சமாக இழுக்கும்: அல்கலைன் அல்லது சாதாரண செல். எப்போதாவது ஓடும், நின்றால் பெரிய நஷ்டம், மேனுவலும் அனுமதிக்கிறது: லித்தியம். பெரும்பாலான வீடுகளில் இந்தக் கடைசி லிஸ்ட்டில் ரெண்டு மூணு பொருள்தான் தேறும். அதுக்கு மட்டும் தாராளமாகச் செலவு பண்ணுங்க.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பிபி மெஷினின் பின்பக்க மூடியைத் திறந்து பார்த்துட்டு வாங்க.