சாயத்தொட்டியும் சாகுபடி நிலமும்

நெசவாளரும் விவசாயியும் பெரும்பாலும் ஒரே ஆற்று நீரைப் பங்கிட்டு வாழ்பவர்கள். ஒருவர் தொழிலின் கழிவு மற்றவர் நிலத்தைக் கெடுக்குமாயின், அந்நிலத்தை மீட்பது எளிதன்று. இதற்கு நொய்யல் ஆறு கண்கூடான சான்று.

வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றும் நொய்யல், கோவை, திருப்பூர் வழியே ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியுடன் கலக்கிறது. திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. ஏறத்தாழ 20,000 ஏக்கருக்குப் பாசனம் அளிப்பதே அதன் நோக்கம். ஆனால் சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. அணை நீரை எதிர்நோக்கியிருந்த விவசாயிகளே, அந்நீரைத் திறந்துவிட வேண்டாம் என்று முறையிட நேர்ந்தது.

கேட்டின் காரணம் உப்பு. பருத்தியில் ரீயாக்டிவ் சாயம் நன்கு ஏற உப்பு மிகுதியாக வேண்டும். சாயம் ஏறியபின் அவ்வுப்பு துணியில் தங்குவதில்லை. அலசும் நீரோடு வெளியேறிவிடுகிறது. சுண்ணாம்பு முதலியவற்றை இட்டுத் தெளியவைத்தால் நிறம் குறையும். கரைந்த உப்பு குறையாது. ஆகவே, தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் என்று கொள்ளலாகாது.

உப்பிலுள்ள சோடியம் களிமண்ணைப் பற்றிக்கொண்டால் நிலம் களராகிறது. மண் இறுகி, நீர் உள்ளிறங்காது; வேருக்குக் காற்றும் கிட்டாது. அத்தகைய நிலத்துக்கு ஜிப்சம் இடவேண்டும். அதிலுள்ள கால்சியம் சோடியத்தை விடுவிக்கும். பின்னர் நல்ல நீரைத் தேக்கி, வடித்து, உப்பை வேர்ப்பகுதியினின்றும் கழுவி அகற்றவேண்டும். தக்கைப்பூண்டை மடக்கி உழுதல் துணை செய்யும். சோடியம் மிகாத வெறும் உவர் நிலமாயின் நல்ல நீரும் வடிகாலுமே போதும். எனவே மண் பரிசோதனை முதற்கண் அவசியம்.

ஆயினும் உப்பு மக்கி மறையும் பொருளன்று. இடம் பெயர்வதே அதன் இயல்பு. வடிகால் இல்லாத இடத்தில் அது நிலத்தடி நீரைச் சேர்ந்து, கிணற்றின் வழியே மீண்டும் வயலுக்கு வரும். கழிவு வருவதை நிறுத்தாமல் நிலத்தைச் சீர்திருத்த முனைவது வீண் செலவாகும்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். அதன்பின் அரசின் வட்டியில்லாக் கடனுதவியுடன், கழிவை வடிகட்டியும் காய்ச்சியும் நீரையும் உப்பையும் மீட்கும் பொதுச் சுத்திகரிப்பு முறை நடைமுறைக்கு வந்தது. ஆற்றில் விட்ட உப்பு மீண்டும் சாயத்தொட்டிக்குப் பயன்படலாயிற்று. முன்னரே இதைச் செய்திருப்பின் கிணறுகளும் வயல்களும் இவ்வளவு கெட்டிரா.

நாஞ்சில் நாட்டில் திருப்பூரைப் போன்ற பெருஞ் சாயத்தொழில் இல்லை. எனினும் நம் குளங்கள் ஒன்றன் உபரி நீரை மற்றொன்று பெறுபவை. பழையாறு சுசீந்திரத்தைக் கடந்து மணக்குடியில் கடல் சேருமுன் பல வயல்களுக்கு நீர் தருகிறது. வடசேரியிலோ வேறிடத்திலோ சாயமிடும் அங்கத்தினர், அலசிய நீரை ஓடையில் விடாமல் சேர்த்துவைக்கக் கூட்டாக ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். விவசாய அங்கத்தினர் ஆண்டுக்கொரு முறையேனும் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதிக்க வேண்டும். மண் சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன் அளவைத் தாண்டினால் அது உவர் நிலம். இரு சாராரும் உறுப்பினராயுள்ள சங்கங்கள் இவ்விரு பணிகளையும் தம் பொதுக்குழுவில் வைத்துத் தீர்மானிப்பது நலம்.